மூளை அனியூரிசம்: மறைய வேண்டிய தமனி மறையாமல் நின்றால்

தலைவலிக்கோ தலைசுற்றலுக்கோ எடுத்த எம்.ஆர்.ஐ அறிக்கையில் சில சமயம் இப்படி ஒரு வரி இருக்கும்: "பெர்சிஸ்டென்ட் ட்ரைஜெமினல் ஆர்ட்டரி, நார்மல் வேரியன்ட்." சிலருக்கு "அசைகஸ் ஏ.சி.ஏ" என்றோ "ஃபெனஸ்ட்ரேஷன்" என்றோ வரும். படித்ததும் வயிற்றைக் கலக்கும். வீட்டில் யாராவது இணையத்தில் தேடினால் அனியூரிசம் என்ற சொல்லும் கூடவே வந்து நிற்கும். அன்றிரவு யாருக்கும் தூக்கம் வராது. இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட வீடுகளுக்காக. தமனி பிறவியிலேயே வேறு மாதிரி அமைந்திருப்பது ஒரு விஷயம், அதில் அனியூரிசம் வருவது வேறு விஷயம். இரண்டும் ஒரே ஆளுக்கு அமைந்துவிட்டால் சிகிச்சை எப்படி மாறுகிறது என்பதுதான் இங்கே முக்கியம்.

முதலில் அனியூரிசம். தமனியின் சுவர் ஓரிடத்தில் பலவீனமாகி, ரத்த அழுத்தத்தால் வெளிப்பக்கமாகப் புடைத்துக்கொண்டு வருவதுதான் அது. மூளையின் தமனிகளில் இது பெரும்பாலும் கிளை பிரியும் இடத்தில் வருகிறது. பாய்ந்து வரும் ரத்தம் அங்கேதான் நேராக மோதுகிறது. உடலின் மற்றத் தமனிகளோடு ஒப்பிட்டால் மண்டையோட்டுக்குள் இருக்கும் தமனிகளின் சுவர் மெல்லியது, மற்றத் தமனிகளில் வெளிப்பக்கம் இருக்கும் மீள்படலம் என்ற இழுபடும் அடுக்கும் அதில் கிடையாது. போதாததற்கு, சுற்றிலும் தாங்கிப்பிடிக்கத் தசையோ கொழுப்போ இல்லாமல் மூளைத் திரவத்தின் நடுவே கிடக்கிறது.

வயது வந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 3 பேருக்கு வெடிக்காத அனியூரிசம் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலானோர் அது இருப்பதே தெரியாமல் முழு ஆயுளும் வாழ்ந்துவிடுகிறார்கள். அதோடு, அனியூரிசம் பிறக்கும்போதே இருக்கும் பொருள் அல்ல. குழந்தைகளிடம் அது மிக அரிது. பல ஆண்டு அழுத்தத்தில், புகைப்பழக்கத்தால், கட்டுப்படாத ரத்தக்கொதிப்பால், சில குடும்பங்களில் மரபாலும் உருவாகிறது. பிறவியில் வருவது தமனியின் அமைப்பு மட்டும்தான்.

அது வெடித்தால் மூளையைச் சுற்றியுள்ள இடைவெளியில் ரத்தம் பரவும். சப்அரக்னாய்டு ரத்தக்கசிவு என்பார்கள். நொடிகளில் உச்சத்துக்குப் போகும் தலைவலி, "இப்படி ஒரு வலி என் வாழ்க்கையில் வந்ததே இல்லை" என்று சொல்லவைக்கும் வலி, கூடவே வாந்தி, கழுத்து விறைப்பு, சிலருக்கு மயக்கம் அல்லது வலிப்பு. இவர்களில் சுமார் மூன்றில் ஒருவரைக் காப்பாற்ற முடிவதில்லை. முதல் 24 மணி நேரத்தில் மறுபடி வெடிக்கும் ஆபத்து மிக அதிகம். அதனால் அப்படி ஒரு தலைவலி வந்தால் மாத்திரை போட்டுப் படுத்து, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. சி.டி ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். வலி தொடங்கிய 6 மணி நேரத்துக்குள் எடுத்த சி.டி இந்தக் கசிவைக் கிட்டத்தட்டத் தவறவிடாது. நேரம் போகப் போக ரத்தம் கரைந்து, படத்தில் மங்கிக்கொண்டே வரும். இன்னொரு அறிகுறியும் நினைவில் இருக்கட்டும்: ஒரு கண்ணின் இமை திடீரென்று தொங்கி, அந்தக் கண்ணின் பாப்பா விரிந்துபோனால், பெருகிவரும் ஓர் அனியூரிசம் பக்கத்து நரம்பை அழுத்துகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அதுவும் அன்றைக்கே பார்க்க வேண்டிய அவசரம்தான்.

பாடப்புத்தகப் படம் எத்தனை பேருக்குப் பொருந்தும்?

மூளைக்கு நான்கு தமனிகள் வழியாக ரத்தம் ஏறுகிறது. முன்பக்கம் இரண்டு கரோட்டிட், பின்பக்கம் கழுத்து முதுகெலும்பு வழியாக வரும் இரண்டு வெர்ட்டிப்ரல். பின்னவை இரண்டும் சேர்ந்து பேசிலார் என்ற ஒரே தமனியாகி மூளைத்தண்டின் முன்னால் மேலே போகின்றன. முன் அணியும் பின் அணியும் மூளையின் அடிப்பகுதியில் ஒரு வளையமாக இணைகின்றன. ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1664இல் இதை விளக்கி எழுதியதால் இதற்கு வில்லிஸ் வளையம் என்று பெயர். அந்த நூலுக்குப் படம் வரைந்தவர்களில் ஒருவர், பின்னாளில் லண்டனின் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்.

ஆனால் புத்தகத்தில் இருப்பதுபோல முழுமையான, இரு பக்கமும் சமமான வளையம் மக்களில் பாதிப் பேருக்குக்கூடக் கிடையாது. ஒருவருக்கு ஒரு துண்டு மெலிந்திருக்கும், இன்னொருவருக்கு ஒரு துண்டே இருக்காது. அதனால் ஒரு சிறு மாறுபாடு இருக்கிறது என்று அறிக்கை சொன்னால், நாம் பெரும்பான்மையோடு இருக்கிறோம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இங்கே பேசப்போவது அவற்றிலும் அரிதான சிலவற்றைப் பற்றி.

அவை எப்படி வருகின்றன என்பதற்குக் கருவின் நான்காவது வாரத்துக்குப் போக வேண்டும். அப்போது கரு 4 மில்லிமீட்டர் நீளம். பின்மூளைக்கு ரத்தம் தரும் வெர்ட்டிப்ரல் தமனிகள் இன்னும் உருவாகவில்லை. கரோட்டிட்டிலிருந்து பின்னோக்கிச் சில தற்காலிகக் கிளைகள் போய் அந்த வேலையைப் பார்க்கின்றன. அவற்றில் பெரியது ட்ரைஜெமினல் தமனி. ஒரு வாரம்போல இருந்துவிட்டு, நிரந்தரப் பாதைகள் தயாரானதும் சுருங்கி மறைந்துவிடும். ஆயிரம் பேரில் ஒருவர் முதல் ஆறு பேர் வரை அது மறையாமல் அப்படியே நின்றுவிடுகிறது. கரோட்டிட்டுக்கும் பேசிலாருக்கும் நடுவே ஒரு நேரடிப் பாலம். அறிக்கையில் "பெர்சிஸ்டென்ட் ட்ரைஜெமினல் ஆர்ட்டரி" என்று வருவது இதுதான். 1844இலேயே ரிச்சர்ட் குவெய்ன் இதை விவரித்திருக்கிறார்.

இந்தக் கருவியலை நமக்குத் தெளிவாக்கியவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். டோர்காஸ் பேஜெட் மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்ல. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் நரம்பியல் அறுவை நிபுணர் வால்டர் டாண்டிக்குப் படம் வரைந்துகொடுத்தவர். வரைய வரைய, இந்தத் தமனிகள் ஏன் ஆளுக்கு ஆள் மாறுகின்றன என்று கேட்கத் தொடங்கி, கார்னகி நிறுவனத்தில் சேகரித்து வைத்திருந்த மனிதக் கருக்களின் நுண்வெட்டுகளை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் எந்தத் தமனி தோன்றுகிறது, எது மறைகிறது என்று 1948இல் வெளியிட்டார். இன்றைக்கும் இந்த மாறுபாடுகளைப் பற்றிப் பேசுகிற எந்த நிபுணரும் அவருடைய படங்களைத் தொடாமல் பேச முடியாது.

மாறுபாடு இருந்தால் அனியூரிசம் வருமா?

எந்த மாறுபாடு என்பதைப் பொறுத்தது. இணையத்தில் கிடைக்கும் எண்கள் ஆளைக் கலங்கடிப்பதும் இங்கேதான்.

ட்ரைஜெமினல் தமனி எஞ்சியவர்களில் 14 சதவீதம், ஏன் 30 சதவீதத்துக்கும் மேல் அனியூரிசம் உண்டு என்று பழைய கட்டுரைகள் சொல்லின. அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். அன்றைக்கு மூளை ஆஞ்சியோகிராம், அதாவது தமனிக்குள் சாயம் செலுத்தி எடுக்கும் படம், என்பது ரத்தக்கசிவு போன்ற பெரிய பிரச்சினையோடு வந்தவர்களுக்கு மட்டும் எடுத்த பரிசோதனை. அவர்களிடம் அனியூரிசம் அதிகம் இருந்ததில் வியப்பில்லை. அதோடு, வினோதமான நோயாளிகளைப் பற்றித்தான் மருத்துவ இதழ்களில் எழுதுவார்கள். ட்ரைஜெமினல் தமனியோடு எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருக்கும் மனிதரைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. 1999இல் க்ளாஃப்ட் என்ற ஆய்வாளரும் சகாக்களும் இதைச் சரியாக எண்ணிப் பார்த்தபோது கிடைத்தது சுமார் 3 சதவீதம். பொதுமக்களிடம் உள்ள அதே அளவு. ஆக, இந்த ஒரு வரியை மட்டும் அறிக்கையில் பார்த்துவிட்டுப் பயந்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

அசைகஸ் விஷயம் கொஞ்சம் வேறு. சாதாரணமாக மூளையின் இடது அரைக்கோளத்துக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று இரண்டு முன்மூளைத் தமனிகள் (ஏ.சி.ஏ) அருகருகே ஏறும். சிலருக்கு அவை ஒரே தண்டாகச் சேர்ந்து ஏறி, மேலே போய்த்தான் பிரியும். ஆய்வைப் பொறுத்து 0.2 முதல் 4 சதவீதம் பேர் வரை என்று கணக்கு. இரண்டு தமனியின் ரத்தம் முழுக்க ஒரே தண்டில் ஓடி, அது பிரியும் முனையில் மோதுகிறது. அனியூரிசம் சரியாக அங்கேதான் வருகிறது. இங்கே தொடர்பு உண்மையானது என்றே பெரும்பாலான நிபுணர்கள் நினைக்கிறார்கள்.

ஃபெனஸ்ட்ரேஷன் என்றால் தமனி ஓரிடத்தில் இரண்டாகப் பிளந்து, சிறிது தூரம் போய் மறுபடி ஒன்றாகச் சேர்வது. பேசிலாரின் அடிப்பகுதியில் இதைப் பார்க்கலாம். கருவில் பேசிலார் இரண்டு இணைத் தமனிகளாகத் தொடங்கிப் பிறகு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டாமல் விட்டுப்போன இடம்தான் அந்த இடைவெளி. அது தொடங்கும் கீழ்முனையில் சுவரின் தசையடுக்கில் ஒரு குறை இருக்கும், ரத்தமும் அங்கே சுழித்துக்கொண்டு மோதும். சிலருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று ஒன்றையொன்று உரசிக்கொண்டு இரண்டு அனியூரிசங்கள் இருப்பதுண்டு. ஒன்றின் நிழலில் மற்றது ஒளிந்துகொள்வதால் ஒரு கோணத்தில் எடுத்த படம் போதாது.

எல்லாவற்றிலும் அரிதானது ஒரு பக்க உள் கரோட்டிட் தமனியே பிறவியில் இல்லாதிருப்பது. பத்தாயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. மறுபக்கத் தமனி இரு பக்கத்துக்கும் சேர்த்து ரத்தம் கொடுக்கிறது. வளையத்தின் குறுக்கே போகும் சிறிய இணைப்புத் தமனி பெரிய நதியைத் தாங்க வேண்டியதாகிறது. இவர்களில் நான்கில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை அனியூரிசம் காணப்பட்டதாகப் பதிவுகள் சொல்கின்றன. மேலே சொன்ன அதே எச்சரிக்கை இதற்கும் பொருந்தும், ஆனாலும் வாழ்நாள் கண்காணிப்பு தேவை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. தமனி பிறவியிலேயே இல்லையா, அல்லது பின்னால் அடைபட்டதா என்று கண்டுபிடிக்க அழகான வழி ஒன்று உண்டு. கரோட்டிட் மண்டையோட்டு எலும்புக்குள் ஒரு கால்வாய் வழியாக நுழைகிறது. கருவில் தமனி இருந்தால்தான் அந்தக் கால்வாய் உருவாகும். சி.டியில் எலும்புக் கால்வாயே இல்லை என்றால், தமனி ஒருநாளும் அங்கே இருந்ததில்லை.

சிகிச்சை: முதல் கேள்வி எது?

அனியூரிசத்துக்கு மூன்று முக்கிய வழிகள் இருக்கின்றன. பழையது கிளிப்பிங். 1937இல் பால்டிமோரில் வால்டர் டாண்டி மண்டையோட்டைத் திறந்து அனியூரிசத்தின் கழுத்தில் ஒரு வெள்ளிக் கிளிப்பை வைத்தார். இன்றைக்கு நுண்ணோக்கியும் டைட்டேனியம் கிளிப்புகளும் வந்துவிட்டன, அடிப்படை அதேதான். இரண்டாவது காயிலிங். தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியாக மெல்லிய குழாயை மூளை வரை கொண்டுபோய், புடைப்புக்குள் காயில் எனப்படும் பிளாட்டினக் கம்பிச் சுருள்களை நிரப்புவது. இத்தாலிய மருத்துவர் கைடோ குக்லியெல்மி உருவாக்கிய இந்த முறை 1990இல் லாஸ் ஏஞ்சலஸில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்யப்பட்டது. மூன்றாவது ஃப்ளோ டைவர்ட்டர். நெருக்கமாகப் பின்னிய வலைக்குழாயை, புடைப்பு வந்திருக்கும் தமனிக்குள் வைத்து, புடைப்புக்குள் போகும் ரத்தத்தைத் தடுத்துப் பாதையிலேயே ஓடவிடுவது. அமெரிக்காவில் 2011இல் அனுமதி பெற்றது.

வெடித்த அனியூரிசங்களில் முதல் இரண்டையும் ஒப்பிட்ட ஐசாட் என்ற ஆய்வு 2002இல் வெளிவந்தது. 2143 நோயாளிகள். ஓராண்டு முடிவில் இறந்தவர்களும் பிறர் துணையின்றி வாழ முடியாதவர்களும் சேர்த்து, கிளிப்பிங் குழுவில் சுமார் 31 சதவீதம், காயிலிங் குழுவில் சுமார் 24 சதவீதம். அதன்பின் காயிலிங் உலகெங்கும் வேகமாகப் பரவியது. ஆனால் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் இரண்டு முறைக்கும் ஏற்றவர்கள் என்று மருத்துவர்கள் கருதியவர்கள், பெரும்பாலும் முன்பக்கத் தமனிகளில் சிறிய அனியூரிசம் உள்ளவர்கள். எஞ்சிய ட்ரைஜெமினல் தமனியில் வந்த அனியூரிசத்துக்கு எது நல்லது என்று சொல்ல அப்படி ஓர் ஆய்வு கிடையாது, வரவும் வராது. அவ்வளவு பேர் கிடைக்க மாட்டார்கள். இங்கே மருத்துவர்கள் நம்புவது தனித்தனி நோயாளிகளின் அனுபவப் பதிவுகளையும் எதிரில் இருக்கும் ஆஞ்சியோகிராமையும்தான்.

அந்த ஆஞ்சியோகிராமை வைத்துக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தத் தமனியை நம்பி மூளையின் எந்தப் பகுதி இருக்கிறது என்பது. வாய்க்காலில் மடையை அடைப்பதற்கு முன்னால் கடைமடை வயலுக்கு வேறு வழியில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்போமே, அதே யோசனை.

ட்ரைஜெமினல் தமனியையே எடுத்துக்கொள்வோம். சிலருக்கு இது கீழிருந்து வரும் வெர்ட்டிப்ரல்களுக்குக் கூடுதல் துணை மட்டுமே. அப்படிப்பட்டவருக்கு அதன் தண்டில் அனியூரிசம் வந்தால், வேறு வழியில்லாதபோது அந்தத் தமனியையே காயில் வைத்து மூடிவிடலாம். வேறு சிலருக்கு வெர்ட்டிப்ரல்களும் பேசிலாரின் கீழ்ப்பாதியும் நூல்போல மெலிந்திருக்கும், வளையத்தின் பின் இணைப்புகளும் இருக்காது. மூளைத்தண்டின் மேல்பகுதிக்கும் பார்வைப் பகுதிக்கும் வரும் ரத்தம் முழுக்க இந்தப் பாலம் வழியாகத்தான். இங்கே அதை மூடினால் உயிருக்கே ஆபத்து. பின்மூளை ரத்த ஓட்டத்தில் இந்தத் தமனியின் பங்கு ஆளுக்கு ஆள் மாறுவதை வைத்து, சால்ட்ஸ்மன் என்பவர் 1959இல் இதை வகைப்படுத்தினார். அதனால்தான் நான்கு தமனிகளிலும் தனித்தனியாகச் சாயம் செலுத்தி, முப்பரிமாணப் படம் எடுக்காமல் யாரும் சிகிச்சையில் இறங்கக்கூடாது. வெர்ட்டிப்ரலில் மட்டும் சாயம் விட்டால் பேசிலாரின் மேல்பாதி தெரியாமல் போய், அடைப்பு என்று தவறாக நினைக்கவும் இடமுண்டு.

சந்தேகம் இருந்தால் பலூன் பரிசோதனை. நோயாளி விழித்திருக்கும்போதே அந்தத் தமனியைச் சிறிய பலூனால் தற்காலிகமாக அடைத்து, பேச்சு, பார்வை, கைகால் பலம் எல்லாவற்றையும் சோதித்துக்கொண்டே இருப்பார்கள். ஏதாவது தடுமாறினால் உடனே பலூனைச் சுருக்கிவிடலாம்.

ட்ரைஜெமினல் தண்டில் இருக்கும் அனியூரிசம் வெடித்தால் எப்போதும் தலைக்குள் ரத்தம் பரவும் என்றில்லை. அந்தத் தமனி கண்குழிக்குப் பின்னால் உள்ள கேவர்னஸ் சைனஸ் என்ற சிரைக்குளத்தின் வழியாகப் போகிறது. அங்கே வெடித்தால் தமனி ரத்தம் நேராகச் சிரைக்குள் பாய்ந்து, கண் சிவந்து பிதுங்கும், காதில் நாடியோடு சேர்ந்து இரைச்சல் கேட்கும், பார்வை இரட்டையாகும். இதற்கும் உள்ளிருந்து காயில் வைத்து அந்த ஓட்டையை அடைப்பதே பெரும்பாலும் வழி.

ஃப்ளோ டைவர்ட்டர் வசதியானது, ஆனால் பிறவி மாறுபாடுகளில் அது ஏமாற்றலாம். வலையின் குறுக்கே ஒரு கிளை திறக்கிறது, அந்தக் கிளைக்கு வேறு ரத்தம் இல்லை என்று வையுங்கள். அந்தக் கிளையை நம்பியிருக்கும் மூளைப் பகுதியின் தேவையே ரத்தத்தை வலை வழியாக இழுத்துக்கொண்டிருக்கும். அந்தக் கிளையின் வாயிலேயே அனியூரிசம் இருந்தால் அதுவும் உயிரோடு இருக்கும், மூடாது. பின்மூளைத் தமனி கரோட்டிட்டிலிருந்தே கிளம்பும் கருவகை அமைப்பில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். இன்னொன்று, இந்த வலையை வைத்தால், ரத்தம் உறையாமல் தடுக்க ஆஸ்பிரினும் குளோபிடோகிரெல் போன்ற இன்னொரு மருந்தும் பல மாதங்கள் சேர்த்துச் சாப்பிட வேண்டும். இப்போதுதான் ரத்தம் கசிந்த ஒருவருக்கு அது சிக்கல்.

அசைகஸ் அனியூரிசத்தில் கிளிப்பிங் இன்றும் வலுவாக நிற்கிறது. இரு அரைக்கோளங்களுக்கு நடுவிலுள்ள பிளவு வழியாகப் போனால் நேராக எட்டிவிடலாம். கழுத்து அகலமாக இருந்து, இரு பக்கக் கிளைகளும் அதிலிருந்தே பிரிவதால் காயில் நழுவி வெளியே வர வாய்ப்புண்டு. இங்கே பிழை நேர்ந்தால் விலை அதிகம்: ஒரே தண்டு இரு பக்கத்துக்கும் என்பதால், அடைபட்டால் இரண்டு கால்களும் ஒருசேரப் பலமிழக்கும், ஆளுக்குத் தானாக எதையும் செய்யும் உந்துதலே போய்விடலாம்.

பேசிலார் ஃபெனஸ்ட்ரேஷனில் நேர் எதிர். மூளைத்தண்டின் முன்னால், நரம்புகளுக்கு நடுவே, ஆழத்தில் இருக்கும் இடம். கத்தியோடு அங்கே போவது கடினம் என்பதால் காயிலிங்கே பெரும்பாலும் முதல் தேர்வு. பிளந்த இரு கிளைகளில் ஒன்றை மூடலாமா என்ற யோசனை வரும். அதிலிருந்து மூளைத்தண்டுக்குப் போகும் தலைமுடி அளவு நுண்கிளைகள் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அதை முடிவு செய்ய முடியும்.

வெடிக்காத சிறிய அனியூரிசம் என்றால் உடனே சிகிச்சை என்பதில்லை. அளவு, இடம், வடிவம், வயது, ரத்தக்கொதிப்பு, முன்பு கசிவு வந்ததா என்பதையெல்லாம் சேர்த்து எடைபோட வேண்டும். பலருக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் எம்.ஆர். ஆஞ்சியோ எடுத்துப் பார்த்து வருவதே சரியான சிகிச்சை. சிகரெட்டை விடுவதும் ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும் அந்தச் சிகிச்சையின் பாதி. என் கருத்தைக் கேட்டால், அரிய மாறுபாட்டோடு வந்த அனியூரிசத்தைக் கிளிப்பிங்கும் காயிலிங்கும் இரண்டுமே தொடர்ந்து செய்யும் மையத்தில்தான் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் தெரிந்த இடத்தில் அந்த ஒன்றுதான் பரிந்துரையாக வரும்.

மருத்துவரைப் பார்க்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள். இந்தத் தமனி மூளையின் எந்தப் பகுதிக்கு ரத்தம் தருகிறது? அதை இழந்தால் மாற்று வழி உண்டா? இதே இடத்தில் நீங்கள் முன்பு சிகிச்சை செய்திருக்கிறீர்களா? நல்ல மருத்துவர் இதற்குக் கோபப்பட மாட்டார், படத்தைத் திருப்பிக் காட்டி விளக்குவார். குடும்பத்தில் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் இரண்டு பேருக்கு அனியூரிசம் இருந்தாலோ பரம்பரையாகச் சிறுநீரகத்தில் பல நீர்க்கட்டிகள் வரும் நோய் இருந்தாலோ அதையும் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதில் நியாயம் உண்டு.

அனியூரிசமே இல்லை, மாறுபாடு மட்டும்தான் என்றாலும் அந்த அறிக்கையையும் ஸ்கேன் படங்கள் உள்ள குறுந்தட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ட்ரைஜெமினல் தமனி சிலருக்குப் பிட்யூட்டரி சுரப்பி இருக்கும் எலும்புக் குழிக்குள்ளேயே நுழைந்து போகிறது. என்றைக்காவது மூக்கு வழியாகப் பிட்யூட்டரிக் கட்டியை எடுக்க வேண்டி வந்தால், அறுவை மருத்துவர் கத்தியை எடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அது.